ராணி படம் போட்ட போத்தல்

பல்லேபொல,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

ஜோர்தானில் குளிர் குறைந்திருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவருக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளை ஒட்டியே நிற்கிறாள். அவள் கேட்கக்கூடாத சங்கதிகள் இதில் இருக்கின்றன. அதனால் உங்கள் கார்மெண்ட்ஸுக்கே வேலைக்கு வருகிற மர்வாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்ஸார் நானாவின் மகள், நல்ல பிள்ளை, புது இடம் என்று பயப்படுகிறாள். அவளை உன் பக்கத்தில் வைத்துக்கொள். இதைத் தனியாக இருக்கும்போது படி.

பொங்கலுக்குப் பிறகு அம்மா மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். போனில் அவள் நாக்குக் குழறியதைக் கேட்டு நீ பயந்தாய். பல்லுவலி என்று அவளே உன்னிடம் சொன்னாள். அது பல்லுவலி இல்லை, மகள். இப்போது எழுந்து நடக்கிறாள், சமைக்கிறாள். முதலில் அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

கார்த்திகை மழையில் மலை சரிந்து தம்பி ரமேஸ் போன பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. இந்த வாடகை வீட்டுத் தகரத்தில் நாலு துளி விழுந்தாலே எழுந்து வெளியே ஓடுவாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கமே இல்லை. கிளினிக்குக்குப் போவோம் என்றால், "எனக்கு என்ன பைத்தியமாங்க?" என்று கோபப்படுவாள். இது வெறும் நரம்புத் தளர்ச்சிதான் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

நாலந்தாவில் பெரிய ரோட்டோரமாக ஒரு மருந்துக்கடை புதிதாகத் திறந்திருந்தார்கள். மிளகு மூட்டை ஏற்றிய லொறியில் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். டை கட்டிய ஒருவன் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்றான். போத்தலில் கிரீடம் வைத்த ஒரு வெள்ளைக்கார ராணியின் படம். "இது விக்டோரியா மகாராணி காலத்து மருந்துங்க. அப்ப தோட்டத்து துரைமாரும் துரைசாணிமாரும் நரம்புக்கு இதைத்தான் குடிச்சாங்க. பழைய பங்களா ஒண்ணுல கிடைச்ச செய்முறை" என்றான். படபடப்பு, தூக்கமின்மை, மனக்கவலை, எல்லாம் ஒரே போத்தலில் தீரும் என்று அச்சடித்திருந்தது. வாங்கி வந்தேன்.

முதலில் நல்ல குணம் தெரிந்தது. அம்மா தூங்கினாள். மழை பெய்தாலும் தூங்கினாள். நான் அந்தக் கடைக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதனால் மேலும் மேலும் வாங்கினோம். அவளும் சொன்ன அளவைவிடக் கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்தாள். பிறகு முகமெல்லாம் பரு கிளம்பியது. நடக்கும்போது தடுமாறினாள். அடுப்பில் என்ன வைத்தோம் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாள் மத்தியானம் நான் வேலையால் வந்தபோது இரண்டு சாப்பாட்டுக் கோப்பை போட்டிருந்தாள். ஒன்றில் சோறு. மற்றதிலும் சோறு, மேலே கருவாட்டுப் பொரியல். உனக்குத் தெரியும், கருவாட்டை நானும் தொடுவதில்லை, அவளும் தொடுவதில்லை. "சத்தம் போடாதீங்க, ரமேஸ் இப்பதான் வந்தான். களைச்சுப் போயிருக்கான்" என்றாள். வெறுந்தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "மெதுவா சாப்பிடு தம்பி" என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதன் பிறகு அவன் தினமும் வந்தான். என்னைத் திட்டுவாள், "புள்ள வந்திருக்கான், ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?" என்று. கடைசியில் ஒரு நாள் கிணற்றடியில் விழுந்து, என்னையே யார் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஸுஹைலின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே சிவதர்ஷினி என்று ஒரு இளம் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, மறைக்காமல் சொல்லுங்கோ, வீட்டில வேற என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். அதைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "இதில புரோமைட் எண்டு ஒரு உப்புக் கிடக்கு. அந்தக் காலத்தில இங்கிலாந்தில நரம்புக்கெண்டு இதைத்தான் வித்தவை. கன நாள் குடிச்சால் உடம்பில தேங்கி மூளையைக் குழப்பும். இல்லாத ஆக்களைக் காட்டும். அதாலதான் பிறகு கைவிட்டவை." ராணி காலத்து மருந்து என்று கடைக்காரன் சொன்னதில் பொய்யில்லை, மகள். அதைக் குடித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

சேலைன் ஏற்றி ஏற்றித்தான் அந்த உப்பை வெளியேற்றினார்கள். அம்மாவுக்குப் புத்தி தெளிந்தது. பருவும் ஆறியது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் கருவாடு பொரித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரைக்கும் பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்து நாய்க்குக் கொட்டிவிட்டு, "இனி வர மாட்டான், என்னங்க?" என்று கேட்டாள்.

சுகாதார அதிகாரிகள் வந்து கடையைப் பூட்டினார்கள். ஆனால் கடைக்காரர்கள் இப்போது போனில் ஓர்டர் எடுத்துப் பார்சலில் அனுப்புகிறார்கள். போன வாரம் ஸுஹைல் ஒரு பார்சலைக் கொண்டுவந்து, "அக்கா பேருக்கு வந்திருக்கு" என்று என் கையில் கொடுத்தான். பிரித்தால் அதே ராணி. எனக்குத் தெரியாமல் அம்மாவே ஓர்டர் பண்ணியிருக்கிறாள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு மூடிங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுர்றேன். சத்தியமா விட்டுர்றேன்" என்று அழுதாள். உன் அம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

கையை உதறிவிட்டுப் பின்பக்கம் பலாமரத்தடிக்குப் போனேன். கொட்டுவதற்குத்தான் போனேன். மூடியைத் திறந்தேன். அப்புறம் ஏனோ கொட்ட மனம் வரவில்லை. ஒரு மூடி ஊற்றி வாய்வரைக்கும் கொண்டுபோனேன், மகள். நானும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லையே. அவள் மட்டும்தானே பார்த்தாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. நானும் விழுந்துவிட்டால் அவளை யார் தூக்குவது என்று நினைத்து எல்லாவற்றையும் மண்ணில் ஊற்றினேன். இதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மாத்தளையில் மனநலக் கிளினிக் ஒன்று இருக்கிறது, அம்மாவைக் கட்டாயம் கூட்டிவாருங்கள் என்று அந்த டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் கூப்பிட்டால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது.

மலை சரிந்த அன்று காலை ரமேஸ் மேட்டுக்கு ஏறியது உன் போன் கோலை எடுக்கத்தான் என்று எங்களுக்கு அப்போதே தெரியும். நாம் இருந்த தோட்டத்து லயத்தில் சிக்னல் இல்லாதது உன் குற்றமா? மலை சரிந்தது உன் குற்றமா? அம்மா ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. அவன் பேச்சு வந்தாலே நீ வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுகிறாய். உனக்கு நோகும் என்று அவளும் வாயை மூடிக்கொள்கிறாள். நானும் அப்படித்தான். இந்த வீட்டில் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்ல அவளுக்கு அந்தப் போத்தல்தான் வேண்டியிருந்தது.

கடைசியாக அவனோடு பேசியது நீதான். என்ன பேசினான் என்று எங்களுக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் இருக்காது. சப்பாத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருப்பான், என்னைப் பற்றிக் கோள் மூட்டியிருப்பான். எதுவானாலும் சரி, உன் லீவு நாளில் கோல் எடுத்து அதை அம்மாவிடம் சொல். அவன் சிரித்தானா, அதையும் சொல். அவள் அழுவாள், நீயும் அழுவாய். அழுதுவிட்டுப் போகட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

முத்துமாரி உன் கூடவே இருந்து காப்பாற்றுவாள். போனை மட்டும் வைத்துவிடாதே, தாயி.

உன் அப்பா,
மாடசாமி