வடக்கே தலைமாடு

மாதுங்கா
12-2-1947

சிரஞ்சீவி விசாலாக்ஷிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. ஜபல்பூரில் நீ க்ஷேமமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் பெற்றவனுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதத் தெம்பு எங்கிருந்து வரும்? அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள் என்று எழுதினால், அவளுக்காக நாலு வரி, நர்ஸுகளுக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன்னை நர்ஸ் வேலைக்கு அனுப்பாதே என்று செம்பூர் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள், கேட்டேனா நான்.

நடந்ததைக் கேள். அந்த வார்டில் கட்டில்களுக்கெல்லாம் வடக்கே தலைமாடு. புரை எடுத்து இரண்டு கண்ணையும் கட்டிப்போட்ட ஒரு சுமங்கலியை வடக்கே தலை வைத்துக் கிடத்துவார்களா? பார்க்கப் போன நான் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றி அவளை மெல்லத் திருப்பிப் படுக்கவைத்தேன். அங்கே ஸிஸ்டர் அம்மிணி என்று ஒருத்தி, பாலக்காட்டுப் பெண், உடனே பழையபடி மாற்றிவிட்டு என்னைக் கோபித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்பே அம்மா கண்ணைத் துணியால் கட்டி, வலது கைப்பக்கம் மணி, வலது காலை இறக்கினால் முக்காலி என்று தடவித் தடவிப் பழக்கி வைத்தாளாம். கண் கட்டினவர்களுக்குக் கையும் காலும்தான் கண்ணாம். பலவீனத்தால் விழுகிறவர்களைவிட, வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாமல் விழுகிறவர்கள்தான் ஜாஸ்தியாம், மாற்றி வைப்பது எப்போதும் பார்க்க வருகிறவர்களாம். நீயும் அட்சரம் பிசகாமல் அதையே எழுதுகிறாய். உங்களுக்கெல்லாம் ஒரே வாத்தியாரா? மறுநாள் நான் மறுபடி மாற்றினேன், மாற்றத்தான் செய்வேன். நான் கிளம்பின கையோடு அம்மா நர்ஸைக் கூப்பிட வலது கையால் மணியைத் துழாவியிருக்கிறாள், இல்லை. வலது காலால் முக்காலியைத் தேடி இறங்கியிருக்கிறாள், அதுவோ இப்போது இடது பக்கம். வார்டு நிறைய ஆள் இருந்து ஒருத்தி ஓடிவந்து பிடித்தாளா என்று கேட்டேன். அதற்கு அம்மிணி, "ஓடிப் பிடிக்கறது பெரிசில்லை ஸ்வாமி, விழாம வைக்கறதுதான் எங்க வேலை, அதை நீங்க கெடுத்தாச்சு" என்கிறாள். என்ன வாய் பார்.

அதோடு விட்டாளா, நான் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று டாக்டரிடம் உத்தரவும் வாங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி கொடுக்கும் ரசத்தைத் தினம் ட்ராமில் எடுத்துப் போய் வாசலில் கொடுத்துவிட்டு வராந்தாவில் நிற்கிறேன். திங்கட்கிழமை கட்டு அவிழ்க்கிறார்கள். விழுந்த அதிர்ச்சியில் பார்வை தப்பிப் பிழைத்ததா போய்விட்டதா என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை உள்ளே விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லேன் என்று அம்மாவுக்கு ஆயாவிடம் சொல்லியனுப்பினேன். "அவர் வெளியிலேயே இருக்கட்டும், அம்மிணி பக்கத்துல இருந்தாப் போறும்" என்றாளாம் உன் அம்மா. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினவள்.

வேளைக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. நர்ஸுக்கு நர்ஸ் சொன்னால் கேட்பாள். கட்டு அவிழ்க்கும்போது என்னை உள்ளே விடச் சொல்லி, திங்கட்கிழமைக்கு முன் அம்மிணிக்கு ஒரு தந்தி அடி, மறந்துவிடாதே. இனிக் கட்டிலைத் தொடமாட்டேன் என்று என் சார்பில் நீயே சொல்லிக்கொள். நான் என் வாயால் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
வராந்தாவில் நிற்கும் உன் அப்பா
ஜகந்நாதன்