சோடியத்துக்கு மூன்று திருத்தங்கள்

மார்ச் 4

ஓவியருக்கு,

நலம். புருஷனுக்கு எழுதவில்லை, பாடப்புத்தக ஓவியருக்கு எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய சோடியம் அணுவின் கருவில் பத்து புரோட்டான்தான் இருக்கிறது. தனிமத்தின் அடையாளமே அந்த எண்ணிக்கைதான். பத்து என்றால் அது நியான். பதினொன்றாக்குங்கள்.

ஆசிரியை

மார்ச் 15

வாத்தியாரம்மாவுக்கு,

சேர்த்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டும் போல. இந்த அறையில் மேசையை ஜன்னலோரம் போட்டால் கட்டிலுக்கு இடமில்லை. ஒரு சந்தேகம். கரு அத்தனை சின்னது என்றால் ஏன் இவ்வளவு பெரிதாக வரையச் சொல்கிறாய்?

உன் ஓவியன்

மார்ச் 22

ஓவியருக்கு,

உள்ளபடி வரைந்தால், கருவைக் கடுகளவு வைத்தாலே எலக்ட்ரான் தெருமுனைக்குப் போய்விடும். பக்கம் தாங்காது. பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று சொல்லும் பொய் அது. இம்முறை நியூட்ரான் பதின்மூன்று. அதற்கு மின்சுமை கிடையாது, ஒன்று கூடினாலும் சோடியம் சோடியம்தான், எடைதான் ஏறும். ஆனால் பாடத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன்.

ஆசிரியை

ஏப்ரல் 6

ஓவியருக்கு,

இப்போது எலக்ட்ரான் பத்து. உள்கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, வெளிக்கூட்டில் இருக்க வேண்டிய ஒன்றைக் காணோம். பத்தொன்பது வருடமாக உங்கள் படங்களைப் பார்க்கிறேன், நீங்கள் எண்ணிக்கையில் தவறியதே இல்லை. தப்பு இருந்தால்தான் நான் கடிதம் போடுவேன் என்று வேண்டுமென்றே செய்கிறீர்கள். அச்சகத்தார் என்னைப் பிடுங்கியெடுக்கிறார்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள், பிள்ளைகளின் புத்தகத்தில் விளையாட வேண்டாம்.

ஆசிரியை

ஏப்ரல் 14

வாத்தியாரம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். இந்தப் படத்தை மூன்று முறை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு கிளம்பியது என் தப்பு. அன்றைக்கே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்கு வரட்டுமா?

உன் ஓவியன்

ஏப்ரல் 21

அன்புள்ளவருக்கு,

படம் சரியாக இருந்தது, அச்சுக்குப் போய்விட்டது.

உங்கள் கேள்வியை நான்கு நாள் கையிலேயே வைத்திருந்தேன். முதல் இரண்டு வருடத்தில் கேட்டிருந்தால், நன்றாகத் திட்டிவிட்டு வரச் சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம் இருந்தது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்ப்பேன். இப்போது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. பாவமாக இருக்கிறது, அவ்வளவுதான். பாவப்பட்டு ஒருவரோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியாது.

வர வேண்டாம். அடுத்த புத்தகத்துக்கு வேறு ஓவியரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை