தொப்பி வைத்த ஸ்டூல்

டொலிடோ,
பிப்ரவரி 1954

அன்புள்ள வெர்னா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சனிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. ஃபாக்டரிக்கு எதிரே இருக்கும் டைனர் சாப்பாட்டுக் கடையில் கவுண்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஊரில் நம் டேல் வருவதற்குள் அவனுக்கு இடம் பிடித்து வைப்பேனே, அந்தப் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டேன். மத்தியானம், நல்ல கூட்டம்.

"ஏம்ப்பா, உன் தொப்பிக்கும் பசிக்குதா?" என்றான் நின்றுகொண்டிருந்த ஒருத்தன்.

பரிமாறுகிற மாக்சின் அவனை விரட்டினாள். "தொப்பி இருந்தா ஆள் வருதுன்னு அர்த்தம். தெரியாத மாதிரி நடிக்காதே, தள்ளிப் போ!" பிறகு என்னிடம், "வர்றவருக்கு என்ன வைக்கட்டும் கண்ணு?" என்றாள்.

"சாக்லேட் பால். ஸ்ட்ரா ரெண்டு வை, ஒண்ணைக் கடிச்சே நாசம் பண்ணிடுவான்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, வெர்னா. போன கோடையில் நாம் அடக்கம் பண்ணிய பிள்ளைக்குப் பால் கேட்டிருக்கிறேன்.

மாக்சின் பாலைக் கொண்டுவந்து வைத்து, "பையன் வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று ஒரு சாஸரால் மூடினாள். சாப்பிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே குளிர் காதை அறுக்கிறது. அலமாரியில் இருக்கும் என் பழைய கம்பளிக் குல்லாயை அனுப்பு. சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். தொப்பி என்ன ஆயிற்று என்று கேட்பாய். அந்த ஸ்டூலிலேயே விட்டுவிட்டேன். எடுத்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

உன்
ஆர்வில்