ஓட்டுத்தையல் போட்ட வழி

அருவி வாசல்
மார்ச் 4

என் அருமை ஓரகத்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, பேப்பரிலேயே பார்த்துவிட்டேன். ஏரிக்கரையில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். பின்னால் சூரியன் உனக்காகவே காத்திருந்து உதிக்கிற மாதிரி இருக்கிறது. அத்தை அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்தார். எனக்குக் காதில் விழவில்லையோ என்று நான்காவது முறை சத்தமாக வாசித்தார். "சின்னவ எப்பவுமே சூட்டிகைதான்" என்று முடிவுரை வேறு. அப்போது அவருடைய ரவிக்கைக்குத்தான் கை பொருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கை கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது. தற்செயல்தான்.

மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். 'மாமியார் பை' மட்டும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், அருவிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துணிப்பை கொடுப்போம், உள்ளே கொண்டுபோன பாட்டில், காகிதம், பழத்தோல் எல்லாம் அதிலேயே திரும்பி வரட்டும் என்று சொன்னது யார்? "போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை, இது மாமியார் பைடி" என்று பெயர் வைத்தது யார்? நீ பக்கத்தில் உட்கார்ந்து பட்டி மடித்துக்கொண்டிருந்தாய். பேப்பர்காரன் 'ஏரிப் பெண்மணியின் கண்டுபிடிப்பு' என்று போட்டிருக்கிறான். பையின் வாய்த்தையல்கூட என்னுடையது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. கண்ணில் ஏதோ தூசி. ஐந்து நாளாகப் போக மாட்டேன் என்கிறது.

இங்கே வழக்கம்போல காலையில் அறுபது பேர், மாலையில் அறுபது பேர். அதற்கு மேல் அருவி தாங்காது என்று எங்கள் அருவிச் சங்கம் போட்ட கணக்கு. அறுபத்தோராவது ஆள் வாசலில் நிற்கிற என்னைத் திட்டிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறார். ஒரே வேலை, உனக்குப் படம், எனக்கு வசவு. கொழுந்தனாரை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பெயர் வைத்தவள்


ஏரிக்கரை
மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். பை உங்கள் யோசனை என்று அந்த நிருபரிடம் மூன்று தடவை சொன்னேன். "உங்க அக்கா எங்க இருக்காங்க?" என்றான். "அருவியில" என்றேன். "அது வேற பதிப்பு" என்று பேனாவை மூடிவிட்டான். நான் என்ன செய்ய?

இங்கே சிக்னல் இல்லாததால்தான் உங்களுக்குக் கடிதம் எழுதும் பழக்கமே மிஞ்சியிருக்கிறது. மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன். ஏரியைத் தானே எடுத்து நடத்துவதாக ஒரு ஒப்பந்தக்காரர் மனுப் போட்டிருக்கிறார். மோட்டார் படகு, ஒலிபெருக்கி, கரையெல்லாம் கடை. பறவைகள் குஞ்சு பொரிக்கும் இந்தப் பருவம் முடிகிறவரை ஏரியைக் கெடாமல் காப்பாற்றினால், ஐந்து வருஷத்துக்கு எங்கள் சங்கத்திடமே விடுவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். மே மாதம் பார்க்க வருவார்.

ஒரு நல்ல செய்தி. தெற்கு மூலையில், கோரைக்குள், முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருக்கிறது. நான்கு முட்டை. இரை தேடப் போகும்போது பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகிறது, நாம் குழந்தைக்குப் போர்த்திவிட்டு வருகிற மாதிரி. பெரிய பாறைக்குப் பின்னால் அங்கே போக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. முள் வெட்டிப் போட்டு மறைத்திருக்கிறோம். படகுக்காரருக்கும் எனக்கும்தான் தெரியும். யாருக்கும் சொல்வதில்லை என்று அவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்வதைச் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் அன்பான,
சின்னவள்


அருவி வாசல்
ஏப்ரல் 2

ஏரிப் பெண்மணி அவர்களுக்கு,

சத்தியம் செய்து காப்பாற்றும் அளவுக்கு உனக்கு அங்கே ரகசியம் இருக்கிறது. என்னிடம் இருக்கும் ஒரே ரகசியம் என் முடிச்சாயம். அதுவும் அத்தை புண்ணியத்தில் தெருவுக்கே தெரியும். கொழுந்தனாருக்காவது அந்தப் பாதை தெரியுமா என்று நான் கேட்கப்போவதில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அத்தை இப்போது புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஒருவாட்டி சின்னவ ஏரியப் பாத்துட்டா போதும்" என்கிறார். முப்பது வருஷமாக அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார். ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை, முழங்கால் வலியாம். ஏரிக்கு என்றால் முழங்கால் தானாக மடங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒருத்தர், "ஏம்மா, அருவி என்ன உங்க அப்பன் வீட்டுக் குழாயா?" என்றார். "அப்பன் வீட்டுக் குழாயா இருந்தா எப்பவோ மூடியிருப்பேன்" என்றேன். உடனே ஒரு பெண் பேப்பரை நீட்டி, "இந்த ஏரிக்காவது வழி சொல்லுங்கக்கா" என்றாள். பார்த்தால், நீ. உன் சூரியன்.

சொன்னேன். கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன். துணி வெட்டுகிற பழுப்புத் தாளில் வரைந்தும் கொடுத்தேன். "கூட்டம் இல்லாத மூலை ஏதாவது இருக்குமா?" என்றாள். கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஊரே மெச்சுகிற ஏரி, நாலு பேர் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போகட்டுமே. கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று நீயும் பழகு.

இப்படிக்கு,
வசவு வாங்குபவள்


ஏரிக்கரை
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பியவர்கள் அன்றே வந்துவிட்டார்கள். வாசல் பக்கமே வரவில்லை. பாறைக்குப் பின்னால் வண்டியை விட்டு, முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு நேராகத் தெற்கு மூலைக்குப் போயிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லி, அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று வேன்.

முக்குளிப்பான் பயந்து போனதில் முட்டைகளை மூடாமல் போய்விட்டது. காகத்துக்கு அது போதும். தாய் இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நீந்தியது. அப்புறம் காணோம்.

சங்கத்தில் எல்லோரும் படகுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "உனக்கும் அந்தம்மாவுக்கும்தானே தெரியும்? அந்தம்மாவா சொல்லியிருக்கும்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா. நான் சொல்லியிருக்கவே முடியாது என்று சிரித்தார்கள். படகுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. படகுக் கொட்டகைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்னது நான்தான் என்று நான் எழுந்து சொல்லவில்லை.

அந்தத் தாள் கோரைக்குள் கிடந்தது, நான்தான் எடுத்தேன். வழி தெரியாதவர்களுக்கு ஊரில் எல்லோரும் கோடு போட்டுக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் அம்பு போடுவார்கள். இதில் பாதை ஓட்டுத்தையலாகப் போயிருந்தது. ஒரே நீளம், ஒரே இடைவெளி. பாறை வருகிற இடத்தில் கழுத்துக்கு வெட்டுகிற வளைவு. அந்தக் கையிடம்தான் நான் தையல் படித்தேன்.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி கூட்டம். நான் சத்தியத்தை மீறியதை எழுந்து சொல்லப்போகிறேன். நீங்கள் சங்கத்துக்கு நாலு வரி எழுதினால்தான் அவருக்குச் சாவி திரும்பக் கிடைக்கும். எழுதுவீர்களா?

சின்னவள்


அருவி வாசல்
ஏப்ரல் 24

தங்கச்சி,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில், வரைந்தது நான்தான், ஆனால் பாதை கை தவறி வந்துவிட்டது என்று எழுதினேன். முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு ஒரு மூலை முழுக்கக் கை தவறுமா? இரண்டாவதில் பழியை அந்தப் பெண் மேல் போட்டேன். மூன்றாவதில் உன் மேலேயே போட்டேன், என்னிடம் ஏன் சொன்னாய் என்று. அதுதான் மிகவும் நன்றாக வந்திருந்தது. அதைக் கிழிக்கத்தான் நேரமாயிற்று. இது நான்காவது. கீழே உள்ளதைக் கூட்டத்தில் அப்படியே வாசி, எதையும் விடாதே.

ஏரிச் சங்கத்தாருக்கு. பாதையைக் காட்டிக் கொடுத்தது அருவி வாசல் தையல்காரி, அதாவது நான். படகுக்காரருக்கு இதில் சம்பந்தமில்லை. அங்கே கூடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே வரைந்தேன். பேப்பரில் என் ஓரகத்தியின் படம் வந்தது, என் படம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். கூட்டம் போய் ஏரி கொஞ்சம் அழுக்காகட்டும், அவளும் நாலு வசவு வாங்கட்டும் என்று நினைத்தேன். முட்டையை நினைக்கவில்லை. இப்படி எழுதினால் நல்லவள் மாதிரி இருக்கிறது. உண்மையில் நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் வரைந்தேன். எங்கள் சங்கத்திலும் சொல்லிவிட்டேன். வாசலில் இனி வேறு ஆள். சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அத்தையிடமும் சொன்னேன். அந்த இறுக்கமான ரவிக்கையைக் கழற்றிப் பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


ஏரிக்கரை
மே 11

அக்காவுக்கு,

கூட்டத்தில் முதலில் என் தப்பைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் உங்கள் கடிதத்தை எதையும் விடாமல் வாசித்தேன். "என் படம் வரவில்லை" என்ற இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படகுக்காரரும் சிரித்தார். அப்புறம், "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. முட்டைக்குப் படிக்கத் தெரியாதே" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அதிகாரி வந்து பார்த்தார். ஐந்து வருஷம் இல்லை, ஒரு வருஷம்தான் தந்திருக்கிறார். ஒப்பந்தக்காரரின் மனுவைத் தள்ளவில்லை, எடுத்து வைத்திருக்கிறார். தெற்குக் கரையை அடுத்த பருவம் வரை மூடிவிட்டோம்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். சில நாள் இருக்கிறது. நீங்கள் எழுதியது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். உங்களைத் தவிர வேறு யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இன்று காலை படகுக்காரர் என்னைக் கரையின் வேறொரு பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சத்தியம் எதுவும் கேட்கவில்லை. கோரையை விலக்கிக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்த்ததை முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று வீடு வருகிறவரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எழுதப்போவதில்லை, அக்கா. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சின்னவள்