படக்கதைகளின் கீழ் ஓரம்

என் வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் பேத்தியும் சுகமென்றால் அப்படி எழுது, இல்லையென்றால் இல்லையென்றே எழுது, பூசி மெழுக வேண்டாம். புருஷன் வீட்டை விட்டுப் பிள்ளையோடு வெளியேறி நாலு மாதம் கழித்துப் போன் பண்ணி, புது விலாசம் குறிச்சுக்கோங்கப்பா, என் படக்கதைப் புத்தகங்களை அப்படியே அனுப்புங்கன்னு ஏதோ கடைக்குப் போய்வந்த மாதிரி சொல்கிறாய். பெற்றவர்கள் என்று இரண்டு பேர் இங்கே எதற்கு இருக்கிறோம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை, காரணம் கேட்டால் உங்களுக்கே தெரியும் என்கிறாள்.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்து வயதில் உயிரை விட்டுச் சேர்த்து, பிறகு நீ ஒன்பது வயதில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட முப்பத்தோரு புத்தகமும் பரணில் பத்திரமாக இருந்தன. அனுப்புமுன் ஒரு தடவை படிக்கலாமென்று பட்டறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், மூன்றாவது புத்தகத்திலேயே எரிச்சல் வந்துவிட்டது. நம் கதாநாயகன் கேப்டன் ஆறு குண்டுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் பதினொரு தடவை சுடுகிறார், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவருடைய இடது கன்னத் தழும்பு அடுத்த பக்கத்தில் வலது கன்னத்துக்குக் குடிபோய்விடுகிறது. முதலை ஆற்றை நீந்திக் கரையேறுகிறார், சட்டை இஸ்திரி கலையவில்லை. இதையா நான் சாப்பாட்டை மறந்து படித்தேன்? கப்பல் முதலாளியின் மகள் இன்னும் மோசம். குகை, கப்பலின் அடித்தளம், கலங்கரை விளக்கம் என்று புத்தகத்துக்குப் புத்தகம் அவளை யாராவது தூணில் கட்டிப்போடுகிறார்கள், கேப்டன் வந்து அவிழ்க்கிறவரை அவள் கைகாலைக்கூட அசைப்பதில்லை. உனக்கு வாயில்லையா என்று நான் சத்தமாகவே திட்டிவிட்டேன், யாரோ ஆளோடு தகராறு என்று அம்மா நொண்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

நீ அப்படியே அனுப்பச் சொன்னாய், தெளிவாகத்தான் சொன்னாய். ஆனால் துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னும் பிய்ந்த ஓரமுமாக என் பட்டறையிலிருந்து புத்தகம் வெளியே போனால், முப்பத்தெட்டு வருஷம் பைண்டிங் செய்தவன் மானம் என்ன ஆவது? பின்னையெல்லாம் பிடுங்கி, மூன்று பாகமாகத் தைத்து, கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டினேன். கீழ் ஓரத்தில் அங்கங்கே மங்கலாகப் பென்சில் கிறுக்கல் இருந்தது, சின்னப்பிள்ளைக் கிறுக்கல்தானே, வெட்டில் போய்விடும், புத்தகம் சுத்தமாகும் என்று சந்தோஷம் வேறு பட்டேன். அட்டை ஒட்டப்போகும்போதுதான் பார்க்கிறேன், கட்டிப்போட்ட பெண்ணின் காலடியில் எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம். புள்ளி வைக்கச் சொன்னால் நீ குட்டி வட்டம் போடுவாயே, அந்த வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கழிவுக் காகித மூட்டையைத் தரையில் கொட்டி, நானும் அம்மாவும் இரண்டு நாள் ஒவ்வொரு துண்டாகத் தலையோடு உடலைச் சேர்த்துப் பார்த்தோம். பதினாலு கிடைத்தது, இரண்டு கிடைக்கவில்லை. எத்தனை பேர் கையெழுத்தையோ பத்திரமாகத் தைத்துக் கொடுத்தவன், சொந்தப் பெண்ணின் கையெழுத்தை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணே பேசுகிற மாதிரி, குகையில் கயிற்றைக் கல்லில் தேய்த்து அறுத்துட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கப்பலில் கொண்டை ஊசியால் முடிச்சை அவிழ்த்தாயாம். கலங்கரை விளக்கத்தில், கேப்டன் வர லேட்டாகும்போல, நானே இறங்கிட்டேன், வந்தா சொல்லிடுங்க என்று இருக்கிறது. அம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் நீ போனில் அழுதபோது, கொஞ்சம் பொறுத்துப் போ, எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் நான்தான். யார் வந்து சரிசெய்வார்கள் என்று நினைத்தேனோ, நானும் கிளம்பி வரவில்லை. படத்தில் இருக்கிறவளை வாயில்லையா என்று திட்டினேன், நீ வாய் திறந்து சொன்னாய், அதை அடைத்தது நான். நாலு மாதம் நீ ஏன் சொல்லவில்லை என்று இனிமேல் கேட்க மாட்டேன். என்னை மன்னித்துவிடு.

துண்டுகளையெல்லாம் அந்தந்தப் பக்கத்தின் கீழேயே ஒட்டிவிட்டேன், பசைக்கோடு தெரியத்தான் செய்யும், தெரியட்டும். கிடைக்காத இரண்டு இடத்தில் வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன், ஞாபகம் வந்தால் நீ எழுது, இல்லாவிட்டால் பேத்தி எழுதட்டும். பார்சலில் போட மனம் வரவில்லை, நானும் அம்மாவும் கையில் கொண்டுவருகிறோம், தரையில் இரண்டு பேர் படுக்க இடமிருக்கிறதா என்று மட்டும் எழுது. கயிறு அவிழ்க்க வரவில்லை, அதை நீயே அவிழ்த்துவிட்டாய், நீ வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, கதவைச் சரியாகத் தாழ்ப்பாள் போடு. நீயும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு தலைநிமிர்ந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பதில் போட மறக்காதே.

இப்படிக்கு,
வர லேட்டாகிவிட்ட உன் அப்பா