மேட்டு வயலில் அறுத்த கதிர்

அன்புள்ள மகனுக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். உன் சித்தப்பா உன்னிடம் சொன்னதுபோல நான் காப்பீட்டு அதிகாரியைக் குடையால் அடிக்கவில்லை. குடையால் இடத்தைக் காட்டினேன். அவர் குறுக்கே வந்து நின்றார், அவ்வளவுதான்.

இங்கே பயிர்க் காப்பீட்டுக்கு ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியாது. குலுக்கலில் சில வயல்களை எடுத்து, கயிறு கட்டி ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். வட்டாரம் முழுவதற்கும் நஷ்டம் உண்டா இல்லையா என்பதை அந்த எடைதான் முடிவு செய்யும். இந்த முறை நம் மேட்டு வயல் அகப்பட்டது. இவ்வளவு வெள்ளத்திலும் அங்கே தண்ணீர் நிற்கவில்லை, மக்காச்சோளம் ஆளை மறைத்து நின்றது. அந்த அதிகாரி, வாய்க்கால் ஓரம் பயிர் வளராமல் சோம்பிக் கிடந்த மூலைக்குப் போய், "இங்கயே கயிறு கட்டிடலாம்மா, எல்லாருக்கும் பணம் வரும், உங்களுக்கென்ன போச்சு?" என்றார். உன் சித்தப்பா உடனே, "அண்ணி, நீங்க எதுக்கு வெயில்ல நிக்கறீங்க, வீட்டுக்குப் போங்களேன்" என்று கரிசனம் காட்டினார். குலுக்கலில் விழுந்த இடம் எது என்று கேட்டேன். நடுவயல் என்றார் அதிகாரி. அப்படியானால் நடுவயலில் கட்டுங்கள் என்றேன். கன்னியாஸ்திரி சிஸ்டர்களிடம் படித்தவள் நான், கோடு கொஞ்சம் கோணினாலே விரலில் ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறேன். தவிர, பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டுகிறது, அதாவது நீ கட்டுகிறாய். வரி பிடித்து மானியமாக வாரி இறைக்கிறார்கள் என்று போனில் நீ புலம்பாத மாதம் உண்டா?

நடுவயல் எடையை வைத்து, வட்டாரத்தில் நஷ்டமே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள், திருப்பிக்கொள்ளட்டும். என்னை அரிப்பது பள்ளத்து வயல். நம் மோட்டாரைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கின் வயல் அது, பயிர் முழுக்க நீரில் அழுகிவிட்டது, அவருக்கும் ஒன்றும் இல்லையாம். போன வருடம் நம் வயல் நன்றாக விளைந்தும் நமக்குப் பணம் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றதற்கு, "எல்லாருக்கும் வர்றதுதானேம்மா, விடு" என்றது நீதான். தேவையில்லாதவனுக்குக் கொடுத்து, தேவைப்படுகிறவனை விட்டுவிடுவதற்கா இத்தனை வரி? மெக்கானிக்கின் மனைவி வேலியோரம் நின்று, "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்க்கா. எங்க வயலப் பத்தின உண்மைய யாரு சொல்வாங்க?" என்று கேட்டாள்.

மறுநாளே பயிர்க் காப்பீட்டு அலுவலகம் போனேன். விதி அப்படித்தான் மேடம் என்று மூன்று மேசைகளில் சொன்னார்கள். நாலாவது மேசைப் பெண் மட்டும் உட்காரச் சொல்லி விளக்கினாள். நம் வயல் மேட்டு நிலம், பள்ளத்து வயல்களுக்கு அதை அளவாகக் கொள்ளக்கூடாது என்று உரிமையாளர்கள் எழுதிக் கொடுத்தால் பள்ளத்தை மறுபடி பார்ப்பார்களாம். ஆனால் நம் வயல் திட்டத்திலிருந்து விலக்கப்படும். இனி மானியமும் கிடையாது, காப்பீடும் கிடையாது. உன் சித்தப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். அப்பாவுக்குப் பிறகு நிலம் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது, என் கையெழுத்து மட்டும் போதாது. என்றாவது நம் வயலும் காய்ந்து போகலாம், அதையும் யோசித்துக்கொள். நான் யோசித்துவிட்டேன்.

குழந்தையின் இருமலுக்குக் கண்டதையும் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டு. மருமகளுக்கு என் அன்பு. கடவுள் உங்கள் மூவருக்கும் துணையிருப்பார். இந்த விஷயத்தைப் போனில் பேசாதே, பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். சம்மதமா இல்லையா என்று உன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அம்மா