தலைமாடு மாறிய சேறு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் பொய்யாகும். எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, மற்றபடி நலம், நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. (சேற்றில் விழுந்தவருக்குச் சோற்றுக்குக் கரண்டி. ஊட்டிவிடப் போனால் முறைக்கிறார். – தங்கை) குறுக்கே எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள், போகட்டும்.

ஏரிக்கு நான் மறுபடி சேறெடுக்கப் போய் வழுக்கி விழுந்ததே என் தப்பை உறுதிசெய்யப் போன இடத்தில்தான். போன கோடையில் குழாய் இறக்கிச் சேறு எடுத்தோமே, அடியில் பழசு, மேலே புதுசு, மட்டத்துக்கு மட்டம் மகரந்தத் தூளை எண்ணி எந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது என்று பார்த்தோமே, அதில் பழைய சேற்றில் அடர்ந்த காடும் புதுச் சேற்றில் புல்லும் கரியுமாக இருந்தது. இப்போது ஏரிக்கு மேலே சரிவில் நிற்பது அந்தக் காட்டின் மிச்சம் மீதிதான் என்று எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து, அங்கே குடியிருப்பவர்கள்தான் காட்டை அழித்தார்கள், இறங்கிப் போகட்டும் என்று வன அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. அப்புறம் ஒருநாள் மீதிச் சேற்றைப் பிளந்தால், மிகப் பழசு என்று நான் குறித்த முனையில் நாணல் வேர், வெள்ளை வெளேரென்று உயிரோடு! அவ்வளவு ஆழத்துக்கு எந்த வேரும் போகாதடா. பெட்டியில் வைக்கும்போதே தலைமாட்டைக் கால்மாடாக்கியிருக்கிறேன். அப்படியானால் புல்லும் கரியும்தான் பழசு, காடுதான் புதுசு; அவர்கள் வந்த பிறகுதான் அங்கே மரமே பெருகியிருக்கிறது.

மேலதிகாரியிடம் சொன்னேன். "அறிக்கை போயாச்சும்மா, இனிமே யாரு சேத்தைக் கிளறப் போறா, பேசாம இருங்க" என்கிறார். அப்பாவோ, "வேலை போனா போகுது, சொல்லாம உன்னால ஒரு வாய் சாப்பிட முடியுமா" என்றார். (சொன்ன பிறகும் சாப்பிடவில்லை. கரண்டிக்குத்தான் ஓய்வு.) வன அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டுக் கையோடு சரிவுக்கும் போய்வந்தேன். அங்கே ஒருவர் தன் வீட்டுக் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப இதெல்லாம் எங்க ஆளுங்க வெச்சு வளத்ததா?" என்று மரங்களைப் பார்த்தார். ஆமாம் என்றேன். சரிங்க என்று அடுத்த ஆணியைப் பிடுங்கப் போய்விட்டார், லாரி வரப்போகிறதாம்.

என் எண்ணிக்கையை இனி யாரும் நம்பமாட்டார்கள், வெளியாள் எண்ணித் தந்தால் உத்தரவை நிறுத்திவைப்பது பற்றிப் பேசலாம் என்கிறது வன அலுவலகம். அதனால் புதிதாக எடுத்த சேற்றைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பார்சல் போட்டிருக்கிறேன். உன் பேராசிரியரிடம் கொடு, அவர் மூலமாக உன்னையும் நம் வீட்டையும் தெரியாத யாராவது எண்ணட்டும். நீ தொடாதே, மகன் எண்ணினான் என்றால் போயிற்று. குப்பியில் எண் மட்டும்தான், எது மேல்மட்டம், எது அடிமட்டம் என்று எழுதவில்லை, உனக்கும் சொல்லமாட்டேன், கேட்காதே.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. பார்சல் கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடு கண்ணா, சரிவில் அந்த மனிதருக்கு இன்னும் பாதிக் கூரை இருக்கிறது.

அன்புடன்,
அம்மா